பதினேழாம் வரிசையில் சோளம்

மே மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை காலையில், எதிர்ச் சரிவில் நின்று எங்கள் கிஷாரா குன்றைப் பார்த்தபோதுதான் அந்தக் கதிர்கள் என் கண்ணில் பட்டன.

குன்றின் இடுப்பிலிருந்து ஓடை வரைக்கும் நாற்பது ஹெக்டேர் மக்காச்சோளம். எல்லாம் ஒரே உயரம், உச்சியில் ஒரே வெளிர்மஞ்சள் பூ. அதற்கு நடுவில் ஒரு பட்டை மட்டும், உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் யாரோ எழுந்து நின்றதுபோல, ஒரு முழம் உயர்ந்து நின்றது. அதன் தலைகள் செம்பழுப்பாக இருந்தன. நகரத்தில் வளர்ந்த எனக்குக்கூட அது என்னவென்று தெரிந்தது. சோளம்.

நான் அந்தக் குன்றின் நிர்வாகச் செயலர். எங்கள் ருவாண்டாவில் அந்தப் பதவியை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. "கித்திஃபு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் மாவட்ட மைதானத்தில் எல்லார் முன்னாலும் நின்று, என் குன்றில் இந்த ஆண்டு இதெல்லாம் நடக்கும் என்று எண்ணிக்கையோடு உரக்கச் சபதம் செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் போருக்குப் போகிறவர்கள் அரசன் முன்னால் செய்த சபதத்தின் மிச்சம் அது. ஜூனில் முடியும் கணக்காண்டின் கடைசியில் ஒரு குழு வந்து நிலத்தில் இறங்கிச் சரிபார்க்கும். நான் செய்த சபதங்களில் ஒன்று: நாற்பது ஹெக்டேரும் மக்காச்சோளம், ஒரு வரிசை விடாமல்.

நான் அதை ஒப்புக்குச் சொல்லவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு வீடும் தன் துண்டு நிலத்தில் கொஞ்சம் சோளம், கொஞ்சம் சர்க்கரைவள்ளி, நாலு வாழை என்று வைத்திருந்த காலத்தில் எந்த லாரியும் இந்தக் குன்றில் ஏறியதில்லை. எல்லாரும் ஒரே பயிர் வைக்கத் தொடங்கிய பிறகுதான் விதையும் உரமும் காலத்தோடு வந்தன, பாதை அகலமானது, மாவு ஆலையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நான் இதை நம்புகிறவள்.

மார்ச் மாதம், பயிர் முழங்கால் உயரம் இருந்தபோது, பதிவேட்டோடு, வீட்டுக்கு ஒரு வரிசை என்று பிரித்த நிலத்தில் ஒவ்வொரு வரிசையாக நடந்து, "மக்காச்சோளம், மக்காச்சோளம்" என்று எழுதி, கடைசியில் நூறு சதவீதம் என்று போட்டுக் கையெழுத்திட்டேன். பதினேழாம் வரிசைக்கும் அப்படித்தான் எழுதினேன். பதினேழாம் வரிசை எங்கள் வீட்டு நிலம்.

"என்ன கித்திஃபு, இப்பத்தான் பாக்கறீங்களா?"

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முகன்குசி பின்னால் வந்து நின்றாள். கூட்டுறவுச் சங்கத்தின் தலைவி. என்னைவிட இருபது வயது மூத்தவள். அவள் வாய்க்கு இந்தக் குன்றில் பாதிரியாரே கொஞ்சம் ஒதுங்கித்தான் போவார்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?" என்றேன்.

"மொளச்ச மூணாம் நாளு. இலையத் தொட்டா தெரியாதா? மார்ச்சுல நீங்க நோட்டோட வந்து 'அழகா மொளச்சிருக்கு'ன்னு சொன்னீங்க பாருங்க, நானும் என் தங்கச்சியும் வரப்புக்குப் பின்னாடி உக்காந்து வாயப் பொத்திக்கிட்டோம்."

"ஏன் சொல்லல?"

"மாமனாருக்கும் மருமகளுக்கும் நடுவுல பூந்து கோள் சொன்னவன்னு பேரு எனக்கெதுக்கு?" சிரித்துக்கொண்டே சொன்னவள், சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "ஆனா எனக்கு ஷெட் வேணும், கித்திஃபு. அத மட்டும் மறந்துடாதீங்க."

ஷெட் என்றால் மக்காச்சோளம் உலர்த்தும் கொட்டகை. மரத்தூண், தகரக் கூரை, கம்பிவலைத் தட்டுகள். சபதத்தை நிறைவேற்றுவதில் முதலிடம் வாங்கும் ஒரு குன்றில் மட்டும் அதைக் கட்டுவார்கள். ஆலையின் லாரியும் அங்கேதான் வந்து நிற்கும். போன பிப்ரவரி மழையில் எங்கள் மக்காச்சோளம் முற்றத்திலேயே பூசணம் பிடித்தது. ஆலைக்காரர்கள் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார்கள். முகன்குசி தன் ஆறு மூட்டைகளையும் தலையில் சுமந்து ஆறு தடவை குன்றேறி வந்தாள். அதை நான் அலுவலக வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். தரவரிசையில் எங்களுக்கு அடுத்து இருந்தது ருகீனா குன்று. தொண்ணூற்றொன்பதே முக்கால் சதவீதம். எங்கள் பதினேழாம் வரிசை கழிந்தால் நாங்கள் அவர்களுக்குக் கீழே போய்விடுவோம். மதிப்பீட்டுக் குழு வருவது அடுத்த வியாழக்கிழமை.

*

வரப்பில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு, அன்று மாலை வீட்டுக்குப் போனபோது என் மாமனார் முற்றத்தில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். என் மகள் கெசா அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு தொலிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று வயது. ஐந்துக்குப் பிறகு மறுபடி இரண்டு வரும். என் கணவன் கபேரா பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தான்.

"மாமா," என்றேன். "பதினேழாம் வரிசையில என்ன இருக்கு?"

"பயிர்."

"என்ன பயிர்?"

"நீங்க எழுதினதுதான், கித்திஃபு. அரசாங்க நோட்டுல பொய்யா இருக்கப்போகுது?"

கபேராவின் சிவப்புப் பேனா நின்றது. நான் அவனைப் பார்த்தேன்.

"உனக்கும் தெரியுமா?"

"வெத வாங்கினதே நான்தான், கெசா அம்மா."

"ஓரத்துல ரெண்டு சால் மக்காச்சோளம் போட்டு மூடினது?"

"அது என் யோசனை," என்றார் மாமனார். குரலில் பெருமை இருந்தது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் நான் என் மாமனாரின் பெயரை எழுதப் போவதில்லை. மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பது எங்கள் பழைய வழக்கம். என் வயதுப் பெண்கள் பலர் அதை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. முறைப்படி பெண் கேட்டு அழைத்து வரப்படாதவள் நான். இந்த ஒரு முறையையாவது பிடித்துக்கொண்டிருந்தால் இந்த வீட்டில் எனக்கு ஓர் இடம் இருக்கும் என்று நினைத்தேன். கூட்டத்தில் பெயர் வாசிக்கும்போது அவர் முறை வந்தால் தொண்டையைச் செருமுவேன். "இருக்கேன்" என்பார் அவர். குன்றே சிரிக்கும். அது எங்கள் இரண்டு பேருக்கும் பழகிப்போன விளையாட்டு.

நானும் கபேராவும் ஒரு வியாழக்கிழமை வட்டார அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். எனக்கு வேலை உத்தரவு வந்திருந்தது, காத்திருக்கப் பொறுமை இல்லை. ஹூயே நகரத்தில் இருந்த என் அப்பாவுக்கு விஷயம் தொலைபேசியில்தான் போனது. நீதிமன்றத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்தவர். ஒரு காகிதத்தில் முத்திரை கோணலாக விழுந்தாலே திருப்பி அனுப்புகிறவர். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மாமனார் சும்மா இருக்கவில்லை. மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, ஒரு பெட்டி பாட்டில் பீரோடு, மன்னிப்புக் கேட்கப் போனார். அப்பா கதவருகிலேயே நிறுத்திவிட்டாராம்.

"கடையில வாங்கின பீரோட வந்திருக்கீங்க. பொண்ணையும் ஆபீஸ்லதான் வாங்கினீங்க. உங்க நெலத்துல ஒண்ணுமே வெளையாதா?"

மாமனார் அந்த இடத்திலேயே, கூட வந்தவர்கள் கேட்கச் சொன்னார்: "என் நெலத்துச் சோளத்துல பீர் காய்ச்சிக் கொண்டுவர்றேன். அது வரைக்கும் சோள பீர நான் வாயில வைக்க மாட்டேன்."

நாலு வருஷமாக வைக்கவில்லை. கல்யாணம், பெயர்சூட்டு, எங்கே போனாலும் மற்ற ஆண்கள் சுரைக்குடுவையில் நாணல் குழல் போட்டு உறிஞ்சிக்கொண்டிருக்க, என் மாமனார் மட்டும் நடுவில் ஒரு ஃபாண்டா பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "சின்னப் பிள்ளைக்கு இன்னொரு ஃபாண்டா குடுங்க," என்று கிண்டல் செய்வார்கள். வாங்கிக் குடிப்பார். ஆனால் சோளம் போடத்தான் நிலம் இல்லை. எங்கள் நிலம் முழுவதும் அந்த நாற்பது ஹெக்டேருக்குள் இருந்தது. பருவத்துக்குப் பருவம் மக்காச்சோளம் போடச் சொன்னவள் நான்.

"இந்த வருஷம் எப்படித் தைரியம் வந்துது?" என்றேன்.

"உங்கப்பாவுக்கு எழுபது ஆகுது. எனக்கு அறுபத்தெட்டு." பீன்ஸ் தொலியை ஊதினார். "யாராவது ஒருத்தர் முந்திக்கிட்டா?"

*

சனிக்கிழமை வட்டார வேளாண் அலுவலர் ஃபாஸ்டின் மோட்டார் சைக்கிளில் வந்து அலுவலக வாசலில் இறங்கினான். நல்ல பையன். என்னோடு சேர்ந்து படித்தவன், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேச ஆரம்பித்தான்.

"கயிதேசி, எதிர்ச் சரிவுலேர்ந்து பாத்தேன். கொடி ஏத்தின மாதிரி இருக்கு."

"தெரியும்."

"அது எந்தக் கட்சிக் கொடின்னு குழுவுல இருக்கறவங்க கேப்பாங்க."

"கிண்டல் பண்ணாத, ஃபாஸ்டின்."

ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "நான் ஒரு வழி சொல்றேன். இந்த வருஷம் படைப்புழு வந்துச்சில்ல, புழுவால அழிஞ்ச வரிசைய மொத்தக் கணக்குலேர்ந்தே கழிச்சிடலாம்னு உத்தரவு இருக்கு. செவ்வாய்க்கிழமைக்குள்ள வெட்டிச் சுத்தம் பண்ணிடுங்க. பதினேழாம் வரிசை படைப்புழுவால் அழிந்ததுன்னு நான் எழுதித் தர்றேன். அப்பவும் நூறுதான். ஷெட் உங்களுக்குத்தான்."

"பொய் எழுதச் சொல்றியா?"

"ஏற்கெனவே எழுதினதுதான? அத சரி பண்ணச் சொல்றேன்." அவன் குரல் தாழ்ந்தது. "புழு வந்து மறுக்கப்போறதில்ல. மறுத்தா உன் மாமனார்தான் மறுக்கணும். அவர் மறுப்பாரா?"

அவன் போன பிறகு வெகுநேரம் அந்தப் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து அழகாக இருந்தது. வெட்டினால் என் அப்பா வீட்டுக் கதவு மூடியே இருக்கும், அதன்மேல் ஒரு பொய்யும் ஏறும். வெட்டாமல் உண்மையைச் சொன்னால் ஷெட் போகும், ஒருவேளை என் வேலையும் போகும். சும்மா இருந்தால் வியாழக்கிழமை அந்தக் கதிர்களே சொல்லிவிடும். சோளம் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் உயர்ந்துகொண்டிருந்தது. எந்தப் பாதையில் நடந்தாலும், எந்த ஜன்னலைத் திறந்தாலும், அது எனக்கு முன்னால் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லாரும் என்னிடம் வழக்கத்தைவிட அன்பாகப் பேசினார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. மார்ச் மாதத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. "குழு வருதாமே, சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டார்கள். ஒருவரும் சோளம் என்ற சொல்லை எடுக்கவில்லை. செயலர்களின் வாட்ஸ்அப் குழுவில் ருகீனாவின் கித்திஃபு கைதட்டும் படங்களை அனுப்பியிருந்தான்: "கிஷாராவின் நூறுக்கு வாழ்த்துகள்."

அன்று மத்தியானம் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"கபேரா எல்லாம் சொன்னான்டி. ஆகஸ்ட்ல பீரோட வர்றாங்களாமே."

"அம்மா, அது இன்னும்..."

"உங்கப்பா நாற்காலிக்கெல்லாம் வார்னிஷ் அடிச்சிட்டார். என்கிட்ட அதப் பத்தி ஒரு வார்த்த பேசல. நேத்து காலை வெயில்ல வெளிய எடுத்துப் போட்டு, அவரே அடிச்சார். எதுக்குன்னு கேட்டேன், பூச்சி அரிக்குதாம்." சிரித்தாள். பிறகு அழுதாள். "எத்தன நாற்காலின்னு கேளு. எட்டு."

மாமனாரிடம் போய் நின்றேன். வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலே அவரே பேசினார்.

"கித்திஃபுவா வந்து வெட்டுன்னு சொன்னா, வெட்டிடறேன். சட்டம்னா சட்டம்தான், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மருமகளா வந்து கேட்டீங்கன்னா மாட்டேன். எந்த வாயால சொல்றதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

எனக்கு இருந்தது ஒரே வாய். அதைத் திறக்காமலே திரும்பி வந்தேன்.

*

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கபேரா என்னை நிலத்துக்குக் கூட்டிப் போனான். கையில் வெட்டுக்கத்தி இருந்தது. ஓரத்து மக்காச்சோளத்தை விலக்கி உள்ளே நுழைந்தோம். நாலடி போனதும் சோளம் எங்கள் இரண்டு பேரையும் மூடிக்கொண்டது. குன்று தெரியவில்லை, ஓடை தெரியவில்லை. தலைக்கு மேலே கதிர்களும் அவற்றுக்கு இடையே கிழிந்த துணிபோலக் கொஞ்சம் வானமும். வந்த வழி எதுவென்று திரும்பிப் பார்த்தேன், தெரியவில்லை.

"கையக் குடு," என்றான். என் விரலைப் பிடித்து ஓரத்து மக்காச்சோள இலையின் மேல் இழுத்தான். பூனை நாக்குபோலச் சொரசொரத்தது. பிறகு சோள இலையின் மேல். மெழுகு பூசினதுபோல வழுக்கியது. "இதான் வித்தியாசம். சின்னதுலேர்ந்தே இப்படித்தான் இருக்கும்."

"இத மார்ச்சுல காட்டியிருக்கலாம்."

"காட்டியிருக்கலாம்."

"நான் கையெழுத்துப் போட்டப்போ நீ பக்கத்துல நின்னே."

"நின்னேன்."

"ஏன் கபேரா?"

அவன் கத்தியின் முனையால் மண்ணைக் கீறினான். "சொல்லியிருந்தா அன்னிக்கே புடுங்கச் சொல்லியிருப்ப. நீ அப்படித்தான். அதுக்காகத்தான் உன்னக் கட்டிக்கிட்டேன். அதுக்காகத்தான் சொல்லவும் இல்ல. நாலு வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உங்கம்மாகிட்ட பேசிட்டு, போன வெச்சப்புறம் நீ மொகம் கழுவப் போறத நான் பாத்துட்டிருக்கேன். எங்கப்பாவும் பாத்துட்டிருக்கார்."

அவன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது. அதே சமயம் அந்த மூடிய பச்சைக்குள் அவன் சட்டையில் இருந்த சாக்பீஸ் வாசனை இல்லாவிட்டால் நான் மூச்சு முட்டிப் போயிருப்பேன். அவன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

"சொல்லு," என்றான். "இப்பவே ஆரம்பிச்சா இருட்டறதுக்குள்ள வெட்டிடலாம். அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். நீ ஒண்ணும் சொன்னதா இருக்க வேணாம்."

கத்தியை அவன் கையிலிருந்து வாங்கினேன். ஒரு தண்டைப் பிடித்தேன். கதிர் குனிந்து என் கன்னத்தில் உரசியது. இன்னும் முற்றாத மணிகள், பாலாக. முகன்குசியின் ஆறு மூட்டைகள் நினைவுக்கு வந்தன. எட்டு நாற்காலிகள் நினைவுக்கு வந்தன. படைப்புழு என்ற சொல்லை என் அழகான கையெழுத்தில் எழுதிப் பார்த்தேன், மனசுக்குள். இந்தக் குன்றில் எல்லாருக்கும் அது பொய் என்று தெரியும். அடுத்த மார்ச்சில் நான் பதிவேட்டோடு நடக்கும்போது அவர்கள் வாயைப் பொத்திச் சிரிக்க மாட்டார்கள். அவர்களும் அவரவர் வரிசைக்கு ஒரு புழு கேட்பார்கள். நானும் கொடுக்க வேண்டியிருக்கும்.

கத்தியை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"வழி எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "எனக்கு வெளிய போகணும்."

*

செவ்வாய்க்கிழமை மத்தியானம் குன்றுக் கூட்டம். அலுவலகத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில், யூகலிப்டஸ் நிழலில், நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஃபாஸ்டின் முன்னால் பெஞ்சில் இருந்தான். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். புழுக் காகிதம் அவன் பையில் தயாராக இருந்தது. மாமனார் மூன்றாம் வரிசையில், முழங்கால்மேல் தொப்பியோடு. கபேரா ஆண்களுக்குப் பின்னால் மரத்தில் சாய்ந்து நின்றான்.

தண்ணீர்க் குழாய் பற்றிப் பேசினோம். மருத்துவக் காப்பீடு பற்றிப் பேசினோம். பிறகு பதிவேட்டைத் திறந்தேன். எழுதினதை மாற்றுவதென்றால் கூட்டத்தின் முன்னால் நிலம், பயிர், விவசாயி பெயர் மூன்றையும் வாசித்துத்தான் மாற்ற வேண்டும். விதி அப்படி. அந்த விதியை ஆறு மாதத்துக்கு முன்னால் இந்தப் புல்வெளியில் படித்து விளக்கியவளும் நான்தான்.

"பயிர்ப் பதிவுல ஒரு திருத்தம் இருக்கு," என்றேன். ஃபாஸ்டின் நிமிர்ந்தான். "வரிசை பதினேழு. பயிர் மக்காச்சோளம்னு எழுதியிருந்தேன். அது தப்பு. அங்க இருக்கறது சோளம். நான் சரியாப் பாக்கல."

ஃபாஸ்டின் கண்ணை மூடிக்கொண்டான்.

"விவசாயி பேர்..." என்றேன். செருமினேன்.

வழக்கமாக அந்த இடத்தில் "இருக்கேன்" என்று ஒரு குரல் வரும். வரவில்லை. மாமனார் தொப்பிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"பேரு காதுல விழல, கித்திஃபு," என்றாள் முகன்குசி. இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மறுபடி செருமினேன். அந்தப் பெயர் எனக்கு முன்னால் என் கையெழுத்திலேயே இருந்தது. நாலு வருஷம் சொல்லாமல் காத்த பெயர். அதை முதன்முதலாக, அவரைக் குற்றம் சொல்வதற்காக, ஊர் முன்னால் சொல்ல வேண்டும். சொன்னால் அரசாங்கத்துக்கு நல்லவள். சொல்லாவிட்டால் திருத்தம் செல்லாது. மரத்தடியில் கபேரா இரண்டடி முன்னால் வந்தான், வாயைத் திறந்தான். கையைக் காட்டி அவனை நிறுத்தினேன்.

"கயிதேசி," என்றேன். "விவசாயி பேர் கயிதேசி. பருவத் தொடக்கத்துல மக்காச்சோளம்தான் போடுவோம்னு வீட்டுச் சபத நோட்டுல கையெழுத்துப் போட்டது நான்தான். மாமா பேனாவ என்கிட்ட குடுத்து, நீங்க படிச்சவங்க, நீங்களே போடுங்கன்னார். போட்டேன். எங்க வீட்டு வாக்கு என் பேர்லதான் இருக்கு."

"இருக்கேன்," என்றது ஒரு குரல்.

மாமனார் எழுந்து நின்றிருந்தார். தொப்பியை நெஞ்சோடு பிடித்திருந்தார். "அவ சொல்ல மாட்டா. நான் சொல்றேன், எழுதிக்கங்க." தன் பெயரைச் சொன்னார், தன் அப்பா பெயரையும் சேர்த்து. "வெதச்சவன் நான். ஓரம் கட்டி மூடினவன் நான். அவளுக்குச் சோளமும் தெரியாது, மக்காச்சோளமும் தெரியாது. அவ ஹூயேக்காரி."

இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். நான் எழுதினேன். அந்தக் கையெழுத்து அழகாக இல்லை.

முகன்குசி எழுந்தாள். இடுப்பில் சுற்றியிருந்த துணியை உதறிக்கொண்டாள்.

"பேரு யாருதா இருந்தா என்ன?" என்றாள். "ஷெட் போச்சு."

அதோடு கூட்டம் கலைந்தது. யாரும் என் பக்கம் வரவில்லை.

*

வியாழக்கிழமை குழு வந்து, பார்த்து, எழுதிக்கொண்டு போனது. பருவம் பாதிக்கு மேல் ஆகிவிட்டதால் பிடுங்குவதில் பயனில்லை, இந்த ஒரு அறுவடையோடு சரி, இனி சோளம் கூடாது என்றார்கள். ஷெட் ருகீனாவுக்குப் போனது. எனக்கு ஒரு கடிதம் வந்தது. தவறான அறிக்கை தந்ததற்குக் கண்டனம். தானே திருத்தியதால் பதவி நீக்கம் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு இடமாற்றமோ உயர்வோ கிடையாது. நகரத்தில் மாவட்ட அலுவலகத்துக்கு நான் போட்டிருந்த விண்ணப்பத்தையும் அந்தக் கடிதத்தோடேயே இணைத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கெசாவை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக நானும் கபேராவும் ஒரு வருஷமாக யோசித்து எழுதினது.

ஆக, இந்தக் குன்றிலேயே இரண்டு வருஷம். இந்த நாற்காலி, இந்த ஜன்னல். ஜூலை அறுவடை முடிந்ததும் கிஷாராவின் மக்காச்சோளம் எல்லாம் தலைச்சுமையாக ருகீனாவுக்குப் போனது. முக்கால் மணி நேர ஏற்றம். போகிற வழி என் ஜன்னலைத் தாண்டித்தான். முகன்குசி ஒவ்வொரு மூட்டையையும் சரியாக என் வாசலில் இறக்கி வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். உள்ளே பார்க்க மாட்டாள். நான் பார்க்கிறேனா என்று மட்டும் பார்ப்பாள்.

எங்கள் வீட்டில் சோளம் முளைகட்டி, உலர்ந்து, அரைபட்டு, புளித்தது. வீடே அந்த வாசனையாக இருந்தது. மாமனார் ஒரு துளி தொடவில்லை. ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை விடியற்காலையில், அவரும் கபேராவும் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரும், வாய்கட்டிய பெரிய சுரைக்குடுவைகளோடு பஸ் ஏறினார்கள். கெசாவும் போனாள், தாத்தாவின் தொப்பியில். எனக்கு விடுப்பு இல்லை. மருத்துவக் காப்பீட்டுக்குக் கடைசி நாள். நான் போயே ஆக வேண்டும் என்றும் இல்லை. அன்று பேச வேண்டியது ஆண்கள்.

பதினோரு மணியிலிருந்து தொலைபேசியை மேசைமேல் வைத்து உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டுக்கு ஜன்னலுக்கு வெளியே மூட்டை இறங்கும் சத்தம் கேட்டது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக முகன்குசி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"எங்க ஷெட்டக் குடிச்சாரா உங்கப்பா?"

"இன்னும் தெரியல."

"போன் பண்ணிக் கேளுங்க."

"நடுவுல பண்ணக் கூடாது."

அவள் வாசல்படியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த இரண்டு பெண்களும் மூட்டையை இறக்கினார்கள். காப்பீட்டுக்கு வந்தவர்கள் வரிசையை விட்டு நகர்ந்து ஜன்னலோரம் நின்றார்கள். இந்தக் குன்றே அந்தக் குடுவைக்குத் தன் பங்கைக் கொடுத்திருக்கிறது, என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தது.

ஒரு மணிக்குக் கபேரா கூப்பிட்டான். பின்னால் கெசா யாரிடமோ ஒன்று, இரண்டு, ஐந்து, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தாள். "இல்ல, மூணு," என்று ஓர் ஆண்குரல் திருத்தியது. நாலு வருஷமாக நான் கேட்காத குரல்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"உங்கப்பா மொதல்ல முகர்ந்து பாத்தார். எந்த வரிசைல வெளஞ்சதுன்னு கேட்டார். எங்கப்பா பதினேழுன்னார். அப்புறம் குழலப் போட்டார்." கபேராவின் குரல் உடைந்திருந்தது. "ரெண்டாவது குடுவைக்குப் போயிட்டாங்க. எங்கப்பாவும்தான். நாலு வருஷப் பாக்கி."

தொலைபேசியை வைத்தேன். ஜன்னலில் எல்லா முகங்களும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"குடிச்சார்," என்றேன்.

முகன்குசி எழுந்து, தலையில் சும்மாட்டை வைத்து அழுத்தினாள்.

"சரி," என்றாள். "நல்லாத்தான் வெளஞ்சிருக்கும். வாங்க, கித்திஃபு, வந்து ஒரு கை பிடிங்க. ருகீனா இங்கயே வந்துடாது."

நான் வெளியே போய் மூட்டையின் மறுமுனையைப் பிடித்தேன். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.